பட்டைக்குப் பத்தியம்: செஞ்சிக்குப் போய் வந்தது

திங்கட்கிழமை, காலை 6.10. செங்கல்பட்டு புறவழிச்சாலை. திருவண்ணாமலை போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினேன், நிற்கவில்லை. அடுத்ததும் நிற்கவில்லை. வயசான பொம்பளை தனியாக நின்றால் காசில்லாமல் ஏறுகிறவள் என்று நினைப்பு போல. மூன்றாவது பஸ் வந்தபோது பையைத் தார் ரோட்டில் இறக்கி வைத்து, அதன் பக்கத்தில் நானும் நின்றுகொண்டேன். நின்றது. ஏறியதும் கண்டக்டரிடம் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"காசு குடுக்கற ஆளுதாம்பா நானு. செஞ்சிக்கு ஒண்ணு."

"இன்னா பாட்டி, காலங்காத்தால சண்டைக்கு வர்றீங்க?"

"பாட்டின்னு கூப்பிட்டா சண்டைதான். டிக்கெட்ட கிழி."

தொண்ணூறு ரூபாய். தூரமும் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. அதுவும் பெண்கள் என்று எழுதியிருந்த சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் ஆளை எழுப்பித்தான் கிடைத்தது.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. செஞ்சியில் என் தங்கை தனலட்சுமி இருக்கிறாள். எனக்கு எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்து நான்கு. பதினோரு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை. முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய மருமகள் சுமதி போன் செய்தாள்.

"பெரிம்மா, அத்தை சக்கரை மாத்திரையே போட்றதில்ல. மூணு வாரமா பட்டைத் தண்ணிதான். கால் விரல்ல புண்ணு, ஆற மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வர மாட்டேங்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

பட்டை என்றால் கறிக்குழம்புக்கும் பிரியாணிக்கும் கிராம்போடு சேர்த்துப் போடுகிறோமே, அந்த லவங்கப்பட்டை. அதைத் தண்ணீரில் போட்டுக் குடித்துக்கொண்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். எனக்கு ராத்திரியெல்லாம் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தன் அவள் காதில் ஓதியிருக்கிறான். அவன் யார் என்று தெரிந்துகொண்டு, அவன் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்றுதான் கிளம்பினேன்.

காலை 7.00. மேல்மருவத்தூரில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. உட்கார்ந்ததும் போனை எடுத்துப் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு வீடியோவைப் போட்டார். என் நேரம் பாருங்கள், அதுவும் பட்டையைப் பற்றித்தான். ஒரு பெண் குரல் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு போனது. சர்க்கரை குறையும், தொப்பை குறையும், கொழுப்பு கரையும், முடி வளரும், ஞாபக சக்தி கூடும், இதயம் பலப்படும்.

"எல்லாம் உண்மைங்கம்மா" என்றார் அவர், நான் கேட்காமலே. "இங்கிலீஷ் மருந்துக்காரன் இதெல்லாம் வெளிய சொல்ல மாட்டான்."

"நீங்க சாப்பிடறீங்களா?"

"ஆறு மாசமா. வெறும் வயித்துல."

"தொப்பை கொறைஞ்சுதா?"

முன் சீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவருக்குத் தொப்பை மடி மீது பையைப் போல உட்கார்ந்திருந்தது. "உடனே கொறையாதும்மா, உள்ள வேலை செய்யுது" என்றார். இவ்வளவு வேலை செய்கிற பட்டை பஸ் ஓட்டுவதை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று கேட்டேன். போனை அணைத்துவிட்டு அச்சிறுபாக்கத்தில் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

காலை 7.50. திண்டிவனம். பத்து நிமிஷம் நிற்கும் என்றார்கள், இருபத்தைந்து நிமிஷம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய், வாயில் வைக்க முடியவில்லை. அங்கிருந்து பஸ் மேற்கே திரும்புகிறது. செஞ்சிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். நெல்லும் கரும்பும் மணிலாக் கடலையும் மாறி மாறி வரும் பூமி. வல்லம் தாண்டினால் குன்றுகள் தொடங்கும். அதை மலை என்று சொல்வதா, கல் குவியல் என்று சொல்வதா என்று போகாதவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீடு வீடாக அரிசியில் பொறுக்கிய கல்லையெல்லாம் ஒருத்தி ஒரே இடத்தில் கொட்டி வைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஒரு கல் ஒரு வீட்டளவு. எது எப்போது உருளுமோ என்று புதிதாகப் பார்ப்பவர் பயப்படுவார். நாங்கள் பிறந்த அனந்தபுரமும் பக்கம்தான், அதனால் எனக்கு அந்தக் கற்களைப் பார்த்தால் தூக்கம்தான் வரும். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

காலை 9.05. செஞ்சி பஸ் நிலையம். சிங்கவரம் ரோட்டில் தங்கை வீடு, ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார். செங்கல்பட்டிலிருந்து வந்ததே தொண்ணூறுதான் என்றேன். "அப்ப அந்த பஸ்ஸையே வீட்டு வரைக்கும் வரச் சொல்லுங்கம்மா" என்றார். வாய் உள்ள ஆள். ஐம்பதுக்குப் பேசி ஏறினேன்.

வீட்டுக் கதவைத் தாண்டும் முன்பே வாசனை. பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. தனலட்சுமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. இடது காலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"வா யக்கா. சாப்டியா?"

"சோறு கெடக்கட்டும். கால காட்டு."

துணியை அவிழ்த்தாள். சுண்டு விரலுக்குப் பக்கத்து விரல். செருப்புக் கடித்த இடம் என்றாள். ஓரம் கறுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. நான் விரலால் சுற்றி அழுத்தினேன்.

"வலிக்குதாடி?"

"இல்லியே. ஒண்ணுமே தெரியல."

வலி இல்லை என்று அவள் பெருமையாகச் சொன்னதுதான் எனக்குப் பகீர் என்றது. எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படி வலிக்காத புண் வந்து முட்டி வரை காலை எடுத்தார்கள்.

அடுப்பில் ஒரு குண்டான். மூடியைத் திறந்தால் புளி கரைத்த தண்ணீர் மாதிரி கறுப்பாக இருந்தது. உள்ளே ஒரு கைப்பிடிப் பட்டை, மரத்துண்டு போலத் தடித்தடியாக ஊறிக் கிடந்தது. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளராம். சுவரில் தினசரிக் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வந்திருந்தாள். அன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் கணக்கு.

"புளி இல்ல, கத்திரிக்கா இல்ல, கருவாடு இல்ல" என்று சுமதி அடுக்கினாள். "எல்லாத்தையும் வுட்டாங்க. அதோட சேத்து மாத்திரையும் வுட்டுட்டாங்க. பத்தியமாம்."

மாத்திரை அட்டை மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

இதைத் தெரியாதவர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நாட்டு மருந்து சாப்பிட்டால் பத்தியம் இருக்க வேண்டும். மருந்து வயிற்றில் இருக்கும் வரைக்கும் சிலது சாப்பிடக் கூடாது, சிலது தொடக் கூடாது. அது மருந்துக்குச் சரி. ஆனால் மளிகைச் சாமானை மருந்து என்று உட்கார வைத்து, அதற்குப் பத்தியம் இருந்து, நிஜ மருந்தையே பத்தியத்தில் தள்ளி வைத்த கூத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யாருடி மாத்திரைய நிறுத்தச் சொன்னது?"

"பெரியவங்க சொன்னதுதான்."

"எந்தப் பெரியவங்க?"

முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பட்டைய எங்க வாங்கின?"

"நைனார் கடையில."

எனக்கு அது போதும். குண்டானை மூடியோடு தூக்கிக்கொண்டேன். "யக்கா, வாணாம், சொல்றத கேளு" என்று பின்னால் அவள் குரல். நான் எதற்குக் கேட்க வேண்டும்?

காலை 10.15. கடைவீதி. நைனார் என்பவர் மேல்சித்தாமூர்க்காரர், தமிழ் பேசும் ஜைனர். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். நாட்டு மருந்துக் கடை அவர் அப்பா காலத்துக் கடை. சுக்கு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் கண்ணாடி ஜாடியில். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற அவர்கள் வழக்கப்படி ஐந்தரைக்கே கடையைச் சாத்திவிடுவார் என்று சுமதி நடந்துகொண்டே சொன்னாள். எனக்கு அவர் எப்போது சாப்பிட்டால் என்ன? குண்டானைக் கடைப் பலகை மேல் வைத்தேன். கொஞ்சம் சிந்தியது.

"இத குடிங்க."

"இன்னாம்மா இது?"

"நீங்க வித்த மருந்து. என் தங்கச்சிக்குக் கால் அழுகுது. மாத்திரைய நிறுத்திட்டு இத குடின்னு சொல்ல நீங்க எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சீங்க?"

சாமான் வாங்க வந்த நான்கு பேர் நின்றுவிட்டார்கள். பக்கத்துச் செல்போன் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை இன்னும் ஏற்றினேன். நம் சனங்களின் உடம்பு என்ன இவர்கள் கல்லாப் பெட்டிக்குச் சோதனைக் களமா என்று கேட்டேன். வயசான பொம்பளைகள் என்றால் எதைச் சொன்னாலும் கேட்பார்கள் என்ற திமிரா என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் குண்டானுக்குள் எட்டிப் பார்த்து ஒரு துண்டை எடுத்தார்.

"இது எங்கடைச் சரக்கு இல்லம்மா."

இரண்டு ஜாடியை எடுத்து வைத்தார். ஒன்றில் தடிப்பட்டை. மரப்பட்டையை உரித்த மாதிரி முரடாக, ஒரே சுருளாக இருந்தது. இன்னொன்றில் சுருள்பட்டை. காகிதம் போல மெல்லிசு, சுருட்டுக்குள் சுருட்டாக, விரலால் நசுக்கினாலே பொடியாகிறது. "தடிப்பட்டை பிரியாணிக்கு. நூறு கிராம் நாப்பது ரூபா. இது சிலோன் பட்டை, நூறு கிராம் நூத்தி அறுபது. உங்க தங்கச்சிக்கு நான் குடுத்தது இதுல அம்பது கிராம். தீந்ததும் வெல கம்மின்னு மளிகைக் கடையில தடிப்பட்டைய வாங்கிட்டிருக்காங்க. அத கைப்பிடி கைப்பிடியா தெனம் குடிச்சா ஈரலுக்கு ஆகாதும்மா."

"சக்கரைக்கு நல்லதுன்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"நல்லதுன்னு சொல்றாங்கன்னு சொன்னேன். சோத்துக்கு அப்புறம் ஒரு சிட்டிகை போதும்னேன். மாத்திரைய வுட்டுடாதீங்கன்னும் சொன்னேன். டாக்டர் மருந்த நிறுத்தச் சொல்ல எனக்கு இன்னா கிறுக்கா பிடிச்சிருக்குது?"

நான் நம்பவில்லை. எந்த வியாபாரிதான் ஒத்துக்கொள்வான்? "பொய்" என்றேன். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இந்தக் கடையில எவனும் ஒரு பொட்டலம் வாங்காதீங்க" என்றும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. தனலட்சுமி இறங்கினாள். துணி சுற்றிய காலில் செருப்பு ஏறவில்லை, வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்தாள்.

"அவர வுடு யக்கா. அவரு மேல பழி போடாத."

"நீ சும்மா இருடி, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது அவரு இல்ல. நீ."

கடைவீதியில் அத்தனை சத்தம் இருக்கிறது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் எப்போது சொன்னேன் என்று கேட்டேன். சொன்னாள். அவள் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து அனந்தபுரத்தில் கீழாநெல்லி கொடுத்தபோது, நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நாட்டு மருந்து வயிற்றில் இருக்கும்போது இங்கிலீஷ் மாத்திரை உள்ளே போனால் இரண்டும் சண்டை போட்டு ஆளை முடித்துவிடும் என்று சொன்னேனாம். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

"அது எந்தக் காலத்துக் கதை?"

"போன மாசம் போன்லயும் கேட்டனே. பட்டை ஒரு மண்டலம் சாப்பிடலாம்னு இருக்கேன் யக்கான்னு. நீ இன்னா சொன்ன?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். என்ன பட்டை, எதற்கு என்று கேட்கவில்லை. "ஆரம்பிச்சா பத்தியம் தவறாம இரு, பாதியில வுட்டா உடம்புல திருப்பிக்கும்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

"அப்ப வீட்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"வந்ததும் வராததுமா உன்ன குத்தம் சொல்வாங்களா?"

நைனார் எங்களைப் பார்க்காமல், எடை போட்ட சுக்கையே மறுபடி எடை போட்டார். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர்கள் மேலாவது பாய்ந்திருப்பேன். கோபமெல்லாம் அப்படியே இருந்தது, போவதற்குத்தான் இடமில்லை.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று தங்கை கையைப் பிடித்தேன். வரவில்லை. "பாதியில வுட்டா திருப்பிக்கும்னு சொன்ன இல்ல? பத்தியம் சொன்னவங்க முறிச்சு வுடணும். நீ முறிச்சு வுடு, வரேன்" என்றாள். பைத்தியக்காரத்தனம் என்று கத்த வாய் வந்தது. ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் யார்?

பத்தியத்தை முறிக்க அகத்திக்கீரை. மருந்தை முறிக்கும் என்று மருந்து சாப்பிடும்போது அதைத்தான் முதலில் விலக்குவார்கள். நான் நைனாரைப் பார்த்தேன். "கீரை நம்மகிட்ட இல்லம்மா, மார்க்கெட்ல பாருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அகத்தி முறிக்குதோ இல்லையோ, அத தின்னுட்டு அவங்க டாக்டர்கிட்ட போனா நல்லதுதானே" என்றார். நான் அவ்வளவு பேசியும் இதைச் சொன்னார். வாங்காதீங்க என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேனே, அதே கூட்டம் இன்னும் நின்றது. "இவரு மேல தப்பில்ல, வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். குண்டானைச் சுமதிதான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

காலை 11.00. மார்க்கெட். அமாவாசை, துவாதசி என்றால் அகத்தி குவிந்து கிடக்கும். அன்றைக்கு இரண்டுமில்லை. முருங்கை இருந்தது, சிறுகீரை இருந்தது. கடைசியில் ஒருத்தி ஈரச் சாக்குக்கு அடியில் ஒரு கட்டு வைத்திருந்தாள். பாதி வாடியிருந்தது.

"மாட்டுக்கா, மனுஷிக்கா?" என்றாள்.

"மனுஷிக்கு. மாடு மாதிரி பிடிவாதம் பிடிக்கறவளுக்கு."

"அப்ப பதினஞ்சு. மாட்டுக்குன்னா பத்து."

அந்த அநியாயத்துக்கும் பதினைந்தைக் கொடுத்தேன்.

பகல் 12.10. சுமதி கீரையை வேகவைத்து, உப்பும் தேங்காயும் போட்டு இறக்கினாள். கொஞ்சம் சோற்றோடு பிசைந்து உருண்டை பிடித்தேன். தனலட்சுமி கையை ஏந்தினாள். எங்கள் வீட்டு வழக்கம், கொடுப்பவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். "பத்தியம் முடிஞ்சுது, சாப்பிடு" என்றேன்.

அவள் வாயில் போடவில்லை. "முடியலியே யக்கா. இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்குது."

கணக்கில் அவள் கெட்டிக்காரி. முடிந்தது என்று நான் சொன்னால் அது பொய். என்ன சொன்னால் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. என் வீட்டுக்காரரிடம் நாற்பது வருஷத்தில் சொல்லாத வார்த்தை, மகனிடம் சொல்லாத வார்த்தை. சுமதி வேறு அடுப்படி நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"நான் சொன்னது தப்பு தனம். ஒண்ணும் தெரியாம சொன்னேன். மாத்திரைக்கும் நாட்டு மருந்துக்கும் சண்டையின்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, நானா சொன்னது. சாப்பிடு."

சாப்பிட்டாள். கீரை கசந்தது போல, முகத்தைச் சுளித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, "ஆட்டோவ கூப்பிடு சுமதி" என்றாள்.

பகல் 1.00. பத்துக் கட்டில் போட்ட ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார்கள். முந்நூற்று எண்பத்திரண்டு. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "யாரு மாத்திரைய நிறுத்தச் சொன்னது?" என்றார். நான் காலையில் கேட்ட அதே கேள்வி, அதே குரல். "நான்தான்" என்றேன். திட்ட ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். ஒப்புக்கொண்டவளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

கட்டிலில் சேர்த்தார்கள். ஊசி, புண்ணைக் கழுவிக் கட்டு, ஈரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. "விரல் நிக்கும்னு நெனைக்கிறேன். மூணு நாள் பாத்துட்டுத்தான் சொல்வேன்" என்றார். சாயங்காலம் கட்டு மாற்ற வந்த நர்ஸ் பெண்ணிடம் பட்டையைப் பற்றிக் கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"கொழம்புல போடுங்க பாட்டிம்மா, மணமா இருக்கும், அந்த அளவு ஒண்ணும் பண்ணாது. சக்கரைய கொஞ்சம் கொறைக்கும்னு சில பேர் சொல்றாங்க. உறுதியா சொல்ல முடியாதுன்னுதான் டாக்டரம்மா சொல்வாங்க. எப்டி இருந்தாலும் மாத்திரை செய்யற வேலைய அது செய்யாது. ரெண்டும் சேந்தா சண்டையெல்லாம் போடாது, ஆனா எது சாப்ட்டாலும் எங்ககிட்ட சொல்லிட்டு சாப்பிடுங்க."

அவளும் பாட்டி என்றுதான் கூப்பிட்டாள். விட்டுவிட்டேன்.

புதன்கிழமை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. "போய் கோட்டைய சுத்திட்டு வா, எம்மூஞ்சியவே இன்னா பாத்துட்டு இருக்க" என்று தனலட்சுமி விரட்டினாள். ஊரிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர், திருவண்ணாமலை ரோட்டில். ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய். நுழைவுச் சீட்டு இருபத்தைந்து. கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஏற எனக்கு முட்டி இல்லை. கீழேயே களஞ்சியம், கல்யாண மகால், குளம் எல்லாம் இருக்கின்றன, நிதானமாக நடந்து பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். களஞ்சியச் சுவரில் கரித்துண்டால் காதல் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒரு ஊரே வருஷக்கணக்கில் சாப்பிட நெல் வைத்த இடம். அதைக் கட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை, இவர்கள் பெயர் இருக்கிறது. குரங்குகள் பரவாயில்லை, பெயர் எழுதுவதில்லை.

வெளியே வந்தால் ஒரு டீக்கடை. பலகையில், "மூலிகைப் பட்டை டீ, சர்க்கரை நோய் பறந்து போகும், 30 ரூபாய்." எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன், சரியாகத்தான் படிக்கிறேனா என்று. ஒரு டீ வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"ஏம்பா, இதுல எத்தினி ஸ்பூன் சக்கரை போட்ட?"

"ரெண்டரை. ஏன்மா, பத்தலியா?"

"சக்கரை நோய் பறந்து போகும்னு எழுதிட்டு ரெண்டரை ஸ்பூன் சக்கரையா போடுவ?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவை படிப்பவர் போல. "எழுதனது வேற ஆளும்மா. நான் டீதான் போட்றேன்." வெளியூரிலிருந்து வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "என் தங்கச்சி இந்த ஊர்லதான் கால் விரலுக்காகப் படுத்திருக்கா. அந்த ஒரு வரிய அழி" என்றேன். முனகிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தார். சாக்பீஸ்தான், சீக்கிரம் போய்விட்டது. நாளைக்கு மறுபடி எழுதுவார், எனக்குத் தெரியும்.

பட்டையின் மேல் எனக்குக் கோபமில்லை. அதை யாரும் தப்பாகச் சொல்ல வேண்டாம். கறி வேகும்போது இரண்டு துண்டு போட்டால் வீடே மணக்கிறது, சாப்பிட்டது வயிற்றில் கல்லாக உட்காராமல் இருக்கிறது. அதற்குத் தெரிந்த வேலையை அது செய்கிறது. தெரியாத வேலைக்கு அதைத் தூக்கி உட்கார வைத்தவர்கள் மேல்தான் கோபம். அதில் முதல் ஆள் யார் என்பதையும் எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, காலை. கட்டைப் பிரித்துப் பார்த்தார் டாக்டரம்மா. ஓரத்துக் கறுப்பு நின்றுவிட்டது, நடுவில் சிவப்பாகச் சதை எடுக்கிறது என்றார். விரல் பிழைத்தது. ஈரலும் தேறிவிடும், பட்டைத் தண்ணீரை விட்டால் போதும். தனலட்சுமி மாத்திரையை வாயில் போட்டு, நாக்கை நீட்டி எனக்குக் காட்டினாள், முழுங்கிவிட்டேன் பார் என்று.

பகல் 1.40. செஞ்சியிலிருந்து பஸ். அதே தொண்ணூறு ரூபாய். உட்கார இடம் கிடைத்தது, யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வல்லம் வரை அந்தக் கற்கள் ஜன்னலில் வந்துகொண்டே இருந்தன. செஞ்சிக்காரர்களை என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன் திங்கட்கிழமை. விவரமில்லாத ஊர், எவன் எதைச் சொன்னாலும் நம்புகிற ஊர் என்று. எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி பெரிசு, மருந்துக்கடை தெருவுக்கு இரண்டு. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கு என்ன உடம்புக்கு வந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! பால்காரர் பெண்சாதி வெந்தயப் பொடி சாப்பிடுகிறாள், நான் சொன்னது. தையற்காரி மீனா நாவல்கொட்டைப் பொடி சாப்பிடுகிறாள். வாத்தியார் வீட்டம்மா ரத்தக் கொதிப்புக்கு முருங்கைக்கீரைச் சாறு. ஒவ்வொருத்திக்கும் நான் பத்தியம் சொல்லியிருக்கிறேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் மூன்று பேரும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

சாயங்காலம் 4.30. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் வீட்டுக்குப் போகவில்லை. மீனா வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அட பெரிம்மா, ஊர்லருந்து வந்துட்டீங்களா? தங்கச்சி எப்டி இருக்காங்க?"

"மெஷின நிறுத்து. நாவக்கொட்டை சாப்பிடறியே, சக்கரை மாத்திரையும் போட்றியா?"

"அதெப்டி போடுவேன்? ரெண்டையும் சேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

பையைத் தரையில் வைத்துவிட்டு, அவள் எதிரில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு தடவை சொன்னால் அடுத்த தடவை எளிதாக வரும் என்று பஸ்ஸில் நினைத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னேன். இன்னும் இரண்டு வீடு இருந்தது.